காதுத் தக்கை செய்வோம்: மரமும் ரெசினும் சேர்ந்த முதல் ஜோடி

காது வளர்த்த பாட்டிமார்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அணி புதியதல்ல. தண்டட்டியும் பாம்படமும் தொங்கிய அந்தத் துளைகளைப் பஞ்சாலும் ஓலைச் சுருளாலும் மெல்ல விரித்து, பிறகு குணுக்கு என்னும் ஈய வளையத்தின் பாரத்தால் நீளச் செய்தார்கள். மலேசியாவின் சரவாக் மாநிலத்துக் காயான் மக்களிடமும் காது வளர்க்கும் வழக்கம் இருந்தது. இன்று சிங்கப்பூரில் காது வளர்க்கும் இளையர்கள் அணிவது பெரும்பாலும் ப்ளக் எனப்படும் தக்கை, அதாவது விரித்த துளைக்குள் பொருந்தும் உருளை. அதை வீட்டிலேயே, கையில் பிடிக்கும் ஒரு மின் டிரில்லையும் சில அரங்களையும் வைத்துச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த முறையில் காதின் தோலைத் தொடுவது மரம் மட்டுமே. ரெசின், அதாவது இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் எபாக்சிப் பிசின், முகப்பிலுள்ள குழிக்குள் மட்டும் இருக்கும். முழுவதும் இறுகாத எபாக்சியில் எஞ்சியிருக்கும் ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது, அப்படி ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும். வீட்டில் கலந்த ரெசின் உள்வரை இறுகிவிட்டதா என்று சோதிக்க நம்மிடம் கருவி எதுவும் இல்லாதபோது, அதைக் காதுத் துளைக்குள் நாள் முழுதும் வைத்திருப்பதை நான் ஏற்பதில்லை.

மரத்தக்கை முழுவதும் ஆறிய காதுக்கு மட்டுமே உரியது. மரத்தை நீராவிக் கருவியில் வைத்துக் கிருமி நீக்க முடியாது என்பதால், புதிதாகக் குத்திய காதிலோ, அண்மையில் அளவு கூட்டிப் புண்பட்டிருக்கும் காதிலோ அதை அணியக் கூடாது. துளையை விரிக்கவும் இதைப் பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே வசதியாக அணிந்துவரும் அளவிலேயே செய்ய வேண்டும். கீழே உள்ள கணக்கு 12 மி.மீ. துளைக்கானது. உங்கள் அளவு வேறு என்றால், இப்போது அணியும் தக்கையை வெர்னியர் காலிப்பரால் அளந்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

மரம்

கனமும் நெருக்கமான இழையும் கொண்ட மரம் வேண்டும். என் தேர்வு புளியமரம். ஊரில் கறிக்கடைக்காரர் கட்டை புளியமரத்தில் இருப்பதற்கு என்ன காரணமோ, அதுவே இங்கும் காரணம்: எளிதில் சிதறாது, சிம்பு எழும்பாது. கருங்காலியும் நன்று, ஆனால் அரத்துக்கு மெதுவாகத்தான் இணங்கும். தூங்குமூஞ்சி மரப் பலகை இங்கே மேசைகளுக்கு நிறையக் கிடைத்தாலும், துளைகள் பெரிதாக இருப்பதால் காதுக்கு ஏற்றதல்ல. பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பூஞ்சை படர்ந்த மரம், வார்னிஷ் பூசிய பழைய நாற்காலிக் கால் ஆகியவற்றை முற்றிலும் தவிருங்கள். அரளி நச்சுமரம். இந்த வட்டாரத்தில் வளரும் ரெங்காஸ் மரத்தின் பால் தோலைக் கொப்புளிக்க வைக்கும். பெயர் தெரியாத மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சிங்கப்பூரின் சுங்கை கடுட் பக்கத்து மரக்கடைகளில் துண்டு மரம் கேட்டுப் பார்க்கலாம். வாங்கியதும் வேலையைத் தொடங்காமல், இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. காயாத மரத்தில் செய்த தக்கை குளிர்சாதன அறையில் சுருங்கி, வட்டம் கெட்டு நீள்வட்டமாகிவிடும்.

துளையிடுதல்

18 மி.மீ. சதுரமும் 150 மி.மீ. நீளமும் கொண்ட குச்சியாக மரத்தை அறுத்துக்கொள்ளுங்கள். இழை குச்சியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குச்சியை வைஸில் (மேசையில் பொருத்தும் இடுக்கி) நிமிர்த்திப் பிடித்து, மேல்முனையில் மூலைக்கு மூலை கோடு போட்டால் அவை வெட்டும் இடம் நடுப்புள்ளி. அங்கே, தட்டையான அடியுள்ள குழி தோண்டும் 8 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் 5 மி.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். அந்தப் பிட்டின் கூர்முனை குழியின் அடியில் ஒரு புள்ளியை விட்டுச் செல்லும்; அதைப் பிடித்துக்கொண்டு 4 மி.மீ. பிட்டால் 20 மி.மீ. ஆழம் வரை துளையிட்டு, பிறகு முனையிலிருந்து 15 மி.மீ. விட்டு அறுத்து எடுங்கள். இந்த வரிசையை மாற்றினால், அதாவது சிறு துளையை முதலில் போட்டால், பெரிய பிட்டின் கூர்முனைக்குப் பிடிப்பு இல்லாமல் குழி ஒருபக்கம் நகர்ந்துவிடும்.

கடைதல்

லேத் எனும் கடைசல் எந்திரம் தேவையில்லை. 40 மி.மீ. நீளமுள்ள எம்4 (4 மி.மீ. தடிமன்) ஆலன் போல்ட்டைக் குழியின் பக்கமிருந்து நுழைத்தால் அதன் தலை குழிக்குள் அடங்கும். பின்புறம் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கி, மீதமுள்ள வாலை டிரில்லின் வாயில் பிடித்து, டிரில்லை வைஸில் அசையாமல் கட்டுங்கள். சுழலும் வேலையின்போது கையுறை போடாதீர்கள். தலைமுடியையும் துப்பட்டாவையும் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியும் என்95 முகக்கவசமும் கட்டாயம். மரத்தூள் அண்டை வீட்டு வாசலுக்குப் பறக்காதபடி தாழ்வாரத்தைத் தவிர்த்து, வீட்டுக்குள் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் வேலை செய்வது என் வழக்கம்.

முதலில் நான்கு மூலைகளையும் வாளால் சீவி எட்டுப் பக்கமாக்குங்கள். டிரில்லை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, தட்டை அரத்தை லேசாக வைத்து 14 மி.மீ. உருளையாக்குங்கள். முகப்பில் 2 மி.மீ. அகலத்தை அப்படியே விட்டு, மீதி நீளத்தை 12.3 மி.மீ. வரை இறக்குங்கள். இரண்டும் சேரும் இடம் படிக்கட்டுபோல் இல்லாமல் வளைந்து இறங்க வேண்டும். அதற்கு அரைவட்ட அரம். காதுமடலின் தடிமனைக் காலிப்பரால் அழுத்தாமல் அளந்து 1 மி.மீ. கூட்டினால் தோல் உட்காரும் இடத்தின் நீளம் கிடைக்கும். எனக்கு அது 8 மி.மீ. அதை அடுத்து, தக்கை கழலாமல் பிடிக்கும் சிலிகான் வளையம் உட்காரும் அரை மி.மீ. பள்ளத்தை முக்கோண அரத்தால் போடுங்கள்.

இங்கிருந்து அரத்தை வைத்துவிட்டு உப்புத்தாள். 120, 240, 400, 600 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் நிறுத்தி அளந்து பாருங்கள்: 600 தாள் முடியும்போது சரியாக 12.0 வர வேண்டும் என்றால், 400 முடியும்போது 12.1 இருக்க வேண்டும். விரல்நுனியைவிட உதடு நுட்பமானது. தக்கையை உதட்டில் உருட்டிப் பார்த்தால், விரலுக்குத் தெரியாத சிறு கீறலும் பிடிபடும். இரண்டாவது தக்கையை, முதலாவதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கடையுங்கள்.

போல்ட்டைக் கழற்றியபின் மிஞ்சும் 4 மி.மீ. துளையை, மூங்கில் சாப்ஸ்டிக்கைச் சீவி எபாக்சி தொட்டு அடைத்துவிடலாம். பின்புறத்தில் பசையை வழியவிடாமல் உடனே துடையுங்கள். இறுகியபின் முனையை அறுத்துச் சமன்படுத்தினால் இளமஞ்சள் பொட்டு ஒன்று தெரியும்.

ரெசின் ஊற்றுதல்

குழிக்குள் வைக்க நான் விரும்புவது, தேக்கா (லிட்டில் இந்தியா) பூக்கடையில் வாங்கிய செண்டுப்பூவின் இதழ். இதழ்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் வைத்தால் காகிதம்போல் மொறுமொறுப்பாகும், ஆரஞ்சு நிறமும் நிற்கும். ஈரம் மீந்த இதழ் ரெசினுக்குள் பழுப்பாகிவிடும். மல்லிகை எப்படிக் காயவைத்தாலும் பழுப்பாகிறது.

ஒரு ஜோடிக்குத் தேவையான ரெசின் அரை மி.லிட்டர்தான். ஆனால் அவ்வளவு சிறிய அளவைக் கலந்தால் விகிதம் தவறும். குறைந்தது 20 கிராம் கலந்து, மீதியைச் சாவிக்கொத்து அச்சில் ஊற்றிக்கொள்ளுங்கள். புட்டியில் எழுதியுள்ள விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்று கவனியுங்கள். என் முதல் ஜோடியில், எடைக்குரிய விகிதத்தை மூடியால் அளந்து ஊற்றினேன். ஒரு வாரம் கழித்தும் முகப்பு நகம் பதியும்படி பிசுபிசுத்ததால் இரண்டையும் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. 0.1 கிராம் காட்டும் தராசு அன்று இருந்திருந்தால் அந்த மரம் வீணாகியிருக்காது.

நைட்ரைல் கையுறையும், கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி கொண்ட முகக்கவசமும் அணிந்து, பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து மூன்று நிமிடம் கலக்குங்கள்.

குமிழிதான் இங்கே பெரிய தொல்லை. மரம் சூடேறும்போது அதற்குள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும், குளிரும்போது வெளியிலுள்ளதை உள்ளே இழுக்கும். ஆகவே தக்கைகளைக் குளிர்சாதனம் இல்லாத அறையில் சில மணி நேரம் வைத்து, பிறகு 25 டிகிரி அறைக்குக் கொண்டுவந்து உடனே ஊற்றுங்கள். ரெசினை மரமே குடித்துக்கொள்ளும். இதைத் தலைகீழாகச் செய்தால், அதாவது குளிர்ந்த அறையில் ஊற்றி வெக்கையான சமையலறையில் காயவைத்தால், குழியின் அடியிலிருந்து கடுகு கடுகாகக் குமிழி கிளம்பும்.

முதலில் குழியின் சுவரிலும் அடியிலும் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, விரல் வைத்தால் ஒட்டும் பதம் வரும்வரை காத்திருங்கள். பிறகு இதழை வைத்து, புதிதாகக் கலந்த ரெசினைப் பல்குச்சியால் சொட்டுச் சொட்டாக விட்டு, விளிம்புக்குச் சற்று மேலே குவியும்படி நிரப்புங்கள். மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து, 72 மணி நேரம் அந்த அறையிலேயே விடுங்கள். ஈரக்காற்றால் மேலே மெழுகுபோன்ற படலம் படிந்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போகும். அரைகுறையாக இறுகிய ரெசினின் தூள் உடம்புக்குக் கெடுதல் என்பதால், புட்டியில் சொல்லியிருக்கும் முழு இறுகல் காலம், பெரும்பாலும் ஏழு நாள், முடிந்தபின்பே உப்புத்தாளைத் தொடுங்கள்.

மெருகும் அணிதலும்

முகப்பை மட்டும் 400 முதல் 2000 வரையுள்ள தாள்களால், தண்ணீருக்குப் பதில் உணவுத்தர மினரல் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். தண்ணீர் பட்டால் மரத்தின் இழை எழும்பும். வழிந்த ரெசின் பக்கவாட்டில் துளியும் எஞ்சக் கூடாது. நான்கு பங்கு எண்ணெயில் ஒரு பங்கு தேன்மெழுகை உருக்கிச் சேர்த்து, ஆறியதும் மரத்தில் பூசி, ஓர் இரவு கழித்து மென்துணியால் துடைத்துவிடுங்கள்.

குளிக்கும்போதும் நீந்தும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள். ஈரம் குடித்த மரம் உப்பி, துளையிலிருந்து வர மறுக்கும். அப்போது இழுக்காமல் காதை உலரவிட்டு, எண்ணெய் தடவி மெல்லத் திருக வேண்டும். முதல் வாரம் நாளுக்கு இரண்டு மணி நேரம் அணிந்து, சிவப்போ அரிப்போ வந்தால் அன்றே நிறுத்துங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எண்ணெய் பூசும்போது, ரெசினும் மரமும் சேரும் வட்டத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: வெள்ளை இழைபோல் ஒரு கோடு தெரிந்தால் இரண்டும் பிரியத் தொடங்கிவிட்டன, அழுக்கும் ஈரமும் அதற்குள் தங்கும், அந்தத் தக்கையை மறுபடி அணியக் கூடாது.