‘பின் நம்பர் சொல்லுங்க’: எண் குழப்பங்களையும் பழைய முகவரி நோட்டையும் படிப்படியாகச் சரிசெய்வது எப்படி?

போன மாதம் ஒரு மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. பார்சல் கொண்டுவரும் தம்பி ஒருவர். "அம்மா, அட்ரஸ்ல பின் நம்பர் அழிஞ்சிருக்கு, கொஞ்சம் சொல்லுங்க" என்றார். அம்மா ஒரு கணம் கண்ணை மூடி யோசித்துவிட்டு நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். முதல் இலக்கம் காதில் விழுந்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பின்கோடு ஆறில் தொடங்கும். அம்மா சொன்னது ஆறு இல்லை. அவர் சொல்ல வந்தது ஏ.டி.எம். கார்டின் பின் நம்பர்.

பக்கத்தில் இருந்ததால் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். கேட்ட தம்பி மீதும் தப்பில்லை, அம்மா மீதும் தப்பில்லை. தபாலுக்கும் பின், ஏ.டி.எம்.முக்கும் பின், போனில் பணம் அனுப்பவும் பின் என்று மூன்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டோம். எழுபது வயதுக்கு மேல் அவசரத்தில் கேட்டால் எது முதலில் நாக்கில் வருமோ அதுதான் வரும்.

அன்று சாயங்காலமே அம்மாவின் பழைய முகவரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். முடிக்க மூன்று நாள் ஆனது. அந்த வேலையைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். வேண்டியதெல்லாம் ஒரு பென்சில், ஒரு ரப்பர், கொஞ்சம் பொறுமை.

படி 1: மூன்று பின்களுக்கும் மூன்று பெயர் வையுங்கள்

இதை முதலில் செய்யுங்கள். மற்றதெல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

முகவரியில் வருவது அஞ்சல் குறியீட்டு எண். எங்கள் வீட்டில் இப்போது அது ‘தபால் நம்பர்’. ஏ.டி.எம். எண்ணுக்கு ‘கார்டு ரகசியம்’ என்று பெயர். போனில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. பின்னுக்கு ‘பணம் ரகசியம்’. ஓ.டி.பி.க்கு அம்மாவே ‘வந்துபோற நம்பர்’ என்று பெயர் வைத்தார். பெயர்களை நீங்கள் வைக்காதீர்கள். பெரியவர்களையே வைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் நிற்கும்.

அடுத்து ஒரே ஒரு விதி. தபால் நம்பரை ஊருக்கே சொல்லலாம். ரகசியம் என்று பெயர் உள்ளதை வங்கி ஆள் என்று சொல்லிக் கேட்டாலும் யாருக்கும் சொல்லக் கூடாது. பொருள் கொண்டுவருபவர் சில நேரம் ஓ.டி.பி. கேட்பார். குறுஞ்செய்தியை முழுக்கப் படித்து, அது அந்தப் பொருளுக்கானதுதான் என்று தெரிந்த பிறகு, ஆள் வாசலில் நிற்கும்போது மட்டும் சொல்லலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தபால் நம்பர் ஆறு இலக்கம். யு.பி.ஐ. பின்னும் ஆறு இலக்கமாக இருக்கலாம். சுலபமாக ஞாபகம் இருக்குமே என்று சிலர் வீட்டுப் பின்கோடையே பணம் அனுப்பும் பின்னாக வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அந்த எண் உங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கவரிலும் அச்சாகியிருக்கிறது.

வாய்தவறி ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டால் உடனே எண்ணை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் பேசுங்கள்.

படி 2: பழைய எழுத்தை அடிக்காதீர்கள்

நோட்டில் பழைய முகவரியைப் பேனாவால் அடித்துவிட்டுப் புதிதாக எழுதத்தான் முதலில் கை போகும். அதைச் செய்யாதீர்கள். பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். அம்மாவுக்குப் பெரியம்மாவின் வீடு என்றால் ‘மெட்ராஸ்-4’தான். ‘600004’ என்று சொன்னால் யாருடைய வீடோ மாதிரி பார்க்கிறார். அந்தப் பழைய வரியைப் பிடித்துக்கொண்டுதான் புதிய எண் அவர் நினைவுக்குள் போகிறது.

தாத்தா காலத்து நோட்டு கிடைத்தால் தமிழ் எண்களைக் கவனியுங்கள். க போல இருப்பது 1, ச போல இருப்பது 4, எ போல இருப்பது 7, அ போல இருப்பது 8. உ போல இருப்பது 2தான். ஆனால் பக்கத்தின் உச்சியில் நடுவில் தனியாக நிற்கும் உ பிள்ளையார் சுழி. அதைக் கதவு எண்ணோடு சேர்த்துவிடாதீர்கள்.

படி 3: ‘சென்னை-17’ஐ ஆறு இலக்கமாக்குவது

பின்கோடு நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சகத்தில் உயர் பதவியில் இருந்தவர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் எழுதிய முகவரிகள் என்று தபால் பிரிப்பவர்கள் திணறிய காலம் அது.

அதன் அமைப்பு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. முதல் மூன்றும் சேர்ந்தால் தபால் பிரிக்கும் வட்டாரம் தெரியும்: 600 சென்னை, 605 புதுச்சேரி, 620 திருச்சி, 625 மதுரை, 627 திருநெல்வேலி, 641 கோவை. 67, 68, 69 என்று தொடங்கினால் கேரளப் பக்கம். கடைசி மூன்று இலக்கம் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் தபால் நிலையத்துக்கு உரியது.

சென்னையில் பின்கோடுக்கு முன்பே வட்டார எண்கள் புழக்கத்தில் இருந்தன. மயிலாப்பூர் 4, திருவல்லிக்கேணி 5, தியாகராய நகர் 17, அடையாறு 20. புது முறையில் அந்த எண்களே கடைசி மூன்று இலக்கமாக உட்கார்ந்தன. ஆகவே முதலில் 600 எழுதுங்கள். கொஞ்சம் இடம் விட்டுப் பழைய எண்ணை மூன்று இலக்கமாக நிரப்பி எழுதுங்கள். 4 என்பது 004 ஆகும், 17 என்பது 017 ஆகும்.

தப்பு நடப்பது சைபரில்தான். 600004ல் நான்கு சைபர், 600017ல் மூன்று, தரமணியின் 600113ல் இரண்டுதான். அம்மாவின் நோட்டில் ஒரே மயிலாப்பூர் முகவரிக்கு ஓரிடத்தில் 60004 என்றும் இன்னோரிடத்தில் 6000004 என்றும் இருந்தது. ‘600’, இடைவெளி, ‘004’ என்று மூன்று மூன்றாக எழுதினால் கண்ணே எண்ணிவிடும். சொல்லும்போதும் ‘டபுள் சைபர்’, ‘ட்ரிபிள் சைபர்’ வேண்டாம். ‘ஆறு சைபர் சைபர்’, ஒரு மூச்சு, ‘சைபர் சைபர் நாலு’. அறுபது, எழுபது, எண்பது, ஐம்பது எல்லாம் போனில் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் எந்த எண்ணையும் தனித்தனி இலக்கமாகவே சொல்லுங்கள்.

புறநகர்ப் பகுதி வளர்ந்துவிட்ட இடங்களில் பழைய எண் மாறியிருக்கலாம். எழுதி முடித்ததும் இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்தில் தேடி ஒருமுறை சரிபாருங்கள். தபால்காரரிடமே கேட்டாலும் சொல்லிவிடுவார்.

படி 4: ஒரே பெயர், பல ஊர்

கே.கே. நகர் சென்னையில் இருக்கிறது, 600078. மதுரையில் இருக்கிறது, 625020. திருச்சியிலும் இருக்கிறது, 620021. சின்ன அத்தை இருப்பது திருச்சியில். அம்மா வெயிலில் காயவைத்துப் பதமாக எடுத்த வடகத்தைப் பொட்டலம் கட்டி, திருச்சி என்று சரியாக எழுதி, எண்ணை மட்டும் 600078 என்று எழுதிவிட்டார். பிரிக்கும் இடத்தில் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். வடகம் சென்னைக்குப் போய்ச் சுற்றிவிட்டுப் பதினோராம் நாள் நொறுங்கிப்போய் வந்து சேர்ந்தது. அத்தை அதையும் எண்ணெயில் போட்டுப் பொரித்து, "தூளா இருந்தாலும் உங்க அம்மா கைவாசனை போகலை" என்று போனில் சொன்னார்.

ராமநாதபுரமும் இப்படித்தான். மாவட்டத் தலைநகர் 623501, கோவைக்குள் இருக்கும் ராமநாதபுரம் 641045. ஊர்ப் பெயரை எழுதியதும் முதல் மூன்று இலக்கம் அந்த ஊருக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய நோட்டில் மாவட்டப் பெயர்களும் குழப்பும். பெரியார் மாவட்டம் என்றிருந்தால் ஈரோடு. காமராஜர் மாவட்டம் விருதுநகர். சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி. 1997ல் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டு ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள்.

படி 5: பழைய போன் நம்பர்கள்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். லேண்ட்லைனுக்கு ஒரு கணக்கு உண்டு. எஸ்.டி.டி. எண்ணில் முன்னால் இருக்கும் சைபரை விட்டுவிட்டு மிச்சத்தையும் போன் நம்பரையும் சேர்த்து எண்ணினால் பத்து இலக்கம் வர வேண்டும். சென்னைக்கு 44, அதோடு எட்டு. மதுரைக்கு 452, அதோடு ஏழு. தஞ்சாவூருக்கு 4362, அதோடு ஆறு. குறைந்தால் அது பழைய நம்பர். சென்னையின் ஏழு இலக்க பி.எஸ்.என்.எல். லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் பின்னாளில் 2 சேர்ந்தது, அப்படிப் போட்டுப் பார்க்கலாம். இன்னொன்று: லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேசினால் 2021 ஜனவரி 15 முதல் முன்னால் சைபர் போட வேண்டும். ‘போன் போகவே மாட்டேங்குது’ என்று சொல்லும் பெரியவர்களுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

படி 6: போன் பொத்தானில் இருக்கும் எழுத்துகள்

போனில் எண்களுக்குக் கீழே ஆங்கில எழுத்துகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2ல் ஏ, பி, சி. 3ல் டி, ஈ, எஃப். 4ல் ஜி, ஹெச், ஐ. 5ல் ஜே, கே, எல். 6ல் எம், என், ஓ. 7ல் பி, க்யூ, ஆர், எஸ். 8ல் டி, யூ, வி. 9ல் டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட். ஒன்றிலும் சைபரிலும் எழுத்து இல்லை. மறந்துபோகும் எண்ணை ஒரு சொல்லாக மாற்றி வைத்துக்கொள்ள இது உதவும். கிளி என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் 5454.

ஆனால் மேலே உள்ள வரிசையை மறுபடி பாருங்கள். பி இரண்டு இடத்தில் இருக்கிறது, டியும் இரண்டு இடத்தில் இருக்கிறது. நம் வாயிலும் எழுத்திலும் அவை ஒன்றுதான், பொத்தானில் வேறு வேறு. ‘அப்பா’ என்று 7ல் இருக்கும் பியைப் போட்டு அடித்தால் 2772. 2ல் இருக்கும் பியைப் போட்டால் 2222. போனில் சொல்லும்போது ‘பாம்பே பி’, ‘பாண்டி பி’, ‘டெல்லி டி’, ‘திருச்சி டி’ என்று ஊரோடு சேர்த்துச் சொல்லுங்கள். எம்முக்கு மதுரை, என்னுக்கு நாகர்கோவில்.

எழுத்தை எண்ணாக்கும் வழி நமக்குப் புதிதில்லை. கர்நாடக இசையில் மேளகர்த்தா என்னும் தாய் ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்தை வைத்தே அதன் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். கடபயாதி என்று அதற்குப் பெயர். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1. திருப்பிப் போட்டால் 15, அது பதினைந்தாவது மேளம். அங்கேயும் இதே சிக்கல் வரும். அந்த முறையில் க வரிசையின் நான்கு ஒலிகளுக்கும் நான்கு வேறு எண்கள், தமிழில் நான்குக்கும் ஒரே எழுத்து. சொல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் எழுத்து ஒரே மாதிரிதான் விழும் என்றால் மட்டுமே அது எண்ணைக் காப்பாற்றும்.

அதனால் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது பி, டி வராத சொல்லாக, ஆங்கிலத்தில் ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடியதாகப் பாருங்கள். பூனை வேண்டாம், அதை மூன்று விதமாக எழுதலாம். உங்கள் பெயர், பிள்ளைகள் பெயர், இங்கே நான் சொன்ன சொற்கள் எதுவும் ரகசிய எண்ணாக வேண்டாம். எல்லா ஏ.டி.எம்.மிலும் எழுத்துகள் இருக்காது. போன் பொத்தானைப் பார்த்துச் சொல்லிலிருந்து எண்ணை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

ஓர் இடம் சரியாக எங்கே இருக்கிறது என்று காட்ட அஞ்சல் துறை 2025ல் அறிமுகப்படுத்திய டிஜிபின் என்னும் குறியீட்டில் இந்தக் குழப்பத்தை அழகாகத் தவிர்த்திருக்கிறார்கள். பத்து இடங்கள் கொண்ட அந்தக் குறியீட்டில் சைபரும் இல்லை, ஓவும் இல்லை, ஒன்றும் இல்லை, ஐயும் இல்லை. பியும் டியும் ஒவ்வொன்றுதான், பாண்டி பி, திருச்சி டி மட்டும். தமிழில் வாய்விட்டுச் சொன்னாலும் மாறாது. பார்த்தபோது எனக்கு மனது நிறைந்தது.

படி 7: விரல் மறந்தால்

பல வருடம் ஒரே எண்ணை அடித்தால் அது விரலுக்குத்தான் தெரியும், வாயால் சொல்ல வராது. போனிலும் ஏ.டி.எம்.மிலும் 1, 2, 3 மேலே இருக்கும். கால்குலேட்டரிலும் கம்ப்யூட்டர் விசைப்பலகையின் வலப்பக்கத்திலும் 7, 8, 9 மேலே இருக்கும். சில வங்கித் தளங்களில் எண்கள் இடம் மாறி மாறி வரும். அங்கே போனால் விரல் திகைத்து நின்றுவிடும். அப்போது அவசரப்பட்டு அடிக்க வேண்டாம். பல வங்கிகளில் மூன்று முறை தப்பானால் அன்றைக்கு கார்டு நின்றுவிடும். ஒதுங்கி நின்று, போனில் டயல் செய்யும் இடத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே விரலைக் காற்றில் நகர்த்துங்கள். எண் தானாக வரும். அதைப் போனில் அடித்து வைத்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை எண்ணை மனதுக்குள் இலக்கம் இலக்கமாகச் சொல்லிப் பார்த்தால் இந்தத் திகைப்பு குறையும்.

ஒரு விஷயத்தை அக்கறையோடு சொல்கிறேன். எப்போதாவது எண் மறப்பது எல்லோருக்கும் நடக்கும். நெடுநாள் பழகிய எண்களே அடிக்கடி மறந்தால், தெரிந்த தெருவில் வழி தடுமாறினால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு போன்றவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்து இருக்கிறது.

படி 8: முதல் பக்கம்

கடைசியாக, நோட்டின் முதல் பக்கத்தைக் காலியாக்கிப் பெரிய எழுத்தில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: வீட்டு முகவரி, தபால் நம்பர், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு போன் நம்பர். ரகசிய எண் எதுவும் நோட்டில் எங்கேயும் வேண்டாம். பெரியவர்கள் கையாலேயே எழுதட்டும்.

அம்மா மேலே பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கினார். 600 எழுதி, விரல் வைத்து இடம் விட்டு, மிச்ச மூன்றையும் எழுதினார். மறுநாளே சின்ன அத்தைக்கு வடகம் கட்டினோம். பொட்டலத்தின் மேல் 620 எழுதிவிட்டு, "இது திருச்சிதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம்மா என்றேன். மிச்சத்தை நோட்டைப் பார்க்காமல் எழுதினார்.