கார் காப்பீடு: மொத்தமாகக் கட்டுவதா, மாதத் தவணையா?

கார் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது மொத்தத் தொகைக்குக் கீழே, ‘மாதம் இவ்வளவுதான்’ என்று இன்னொரு தொகையும் இப்போது தென்படுகிறது. 24,000 ரூபாயைப் பார்த்துத் தயங்குகிற மனம், 2,166 ரூபாயைப் பார்த்ததும் இளகிவிடுகிறது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன், அந்த 2,166 ரூபாயை மாதந்தோறும் யாருக்குக் கட்டப்போகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 64-வி.பி. என்றொரு பிரிவு உண்டு. பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் காப்பீட்டு நிறுவனம் எந்தப் பொறுப்பையும் ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆகவே, நம் ஊரில் கார் பாலிசிக்கு ‘மாதத் தவணை’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும், கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியோ வேறு கடன் நிறுவனமோ முழுத் தொகையையும் முதல் நாளிலேயே காப்பீட்டு நிறுவனத்துக்குச் செலுத்திவிட்டு, பிறகு நம்மிடம் வட்டியோடு வசூலித்துக்கொள்கிற கடன்தான். லண்டனில் இருக்கும் என் அக்கா மகனுக்கு நிலைமை வேறு: அங்கே தவணை தவறினால் பாலிசியே ரத்தாகலாம். இங்கே தவணை தவறினால் முதல் அடி கிரெடிட் ஸ்கோரில் விழும்.

அந்தக் கடனின் உண்மையான விலையை நானே ஒருமுறை கட்டித்தான் கற்றுக்கொண்டேன். 24,000 ரூபாய் பிரீமியத்தைக் கார்டில் செலுத்தி, 15 சதவீத வட்டியில் 12 மாத இ.எம்.ஐ.யாக மாற்றினேன். முதல் மாத ஸ்டேட்மென்டில் ஐந்து வரிகள் இருந்தன: அசல் 1,866 ரூபாய், வட்டி 300, வட்டியின் மீது ஜி.எஸ்.டி. 54, பிராசஸிங் கட்டணம் 199, அதன் மீது ஜி.எஸ்.டி. 36. விளம்பரத்தில் பார்த்த 2,166 ரூபாய், கையை விட்டுப் போகும்போது 2,455 ரூபாயாகியிருந்தது. ஓராண்டு முடிவில் நான் கூடுதலாகக் கொடுத்தது ஏறத்தாழ 2,590 ரூபாய். ஏற்கெனவே 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருந்த பிரீமியத்துக்கு வட்டி கட்டி, அந்த வட்டிக்கும் ஜி.எஸ்.டி. கட்டியிருக்கிறேன். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’, அதாவது வட்டியில்லாத் தவணை, என்று சொன்னாலும், பிராசஸிங் கட்டணமும் வட்டி மீதான வரியும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும் என்பதால், ஒப்புதல் பொத்தானை அழுத்துமுன் மொத்தமாக எவ்வளவு கட்டப்போகிறோம் என்று கூட்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தவணையே கூடாது என்ற முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவருடைய பாலிசி 2023 நவம்பர் 30-ஆம் தேதி முடிந்தது. டிசம்பர் சம்பளம் வந்ததும் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம், வட்டி எதற்கு என்று அவர் இருந்துவிட்டார். டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தியவர்களோடு அவரும் போயிருந்தால் தப்பியிருப்பார். வண்டி வீட்டு வாசலிலேயே நின்று, இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. காப்பீடு இல்லாததால் பழுதுபார்ப்புச் செலவு முழுவதும் அவர் கையிலிருந்தே போனது. வாகனக் காப்பீட்டில் காலாவதிக்குப் பிறகு கருணைக் காலம் என்று நம்பிக்கொண்டிருக்க எதுவும் கிடையாது. முடிவுத் தேதியின் நள்ளிரவோடு பாதுகாப்பு நின்றுவிடுகிறது. மறுபடி எடுக்க வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டியிருக்கும். 90 நாள் தாண்டினால், ஐந்து ஆண்டுகள் கிளைம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளைம் போனஸ் தள்ளுபடியும் போய்விடும். போதாததற்கு, மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது) இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்; சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு. ஆகவே, முடிவுத் தேதியன்று கையில் பணம் இல்லையென்றால் தயங்காமல் தவணையில் கட்டுங்கள். அப்போதும் 12 மாதத்தைவிட மூன்று அல்லது ஆறு மாதத் தவணையே மேல், ஏனென்றால் வட்டி ஓடுகிற காலம் சுருங்கும். ஆனால் கார்டு பில்லை மாதாமாதம் முழுதாகக் கட்டும் பழக்கம் இல்லாதவர்கள் இந்த வழிக்கே போகாதிருப்பது நல்லது; பாக்கி வைத்தால் கார்டு வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டக்கூடும்.

தவணையில் இருக்கும்போதே காரை விற்றாலோ, விபத்தில் கார் முழுச் சேதமானாலோ இ.எம்.ஐ. நிற்காது, காரே இல்லாமல் அதன் காப்பீட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்க நேரும்.

புதுக் கார் வாங்குகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் இதைவிட மோசமான மாதத் தவணையில் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதோடு, நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான ஓராண்டுச் சொந்தச் சேதக் காப்பீடும் சேர்ந்து ஆன்ரோடு விலைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த ஆன்ரோடு விலைக்குக் கடன் வாங்கினால், காப்பீட்டுக்கும் சேர்த்தே வாங்குகிறீர்கள். காப்பீட்டுத் தொகை 50,000 ரூபாய், கடன் வட்டி 9.5 சதவீதம், காலம் ஐந்தாண்டு என்றால், அந்த 50,000 மட்டும் ஏறத்தாழ 63,000 ரூபாயாகும். முதல் ஆண்டோடு முடிந்துபோன சொந்தச் சேதப் பாதுகாப்புக்கு ஐந்தாம் ஆண்டிலும் வட்டி கட்டுவதில் என்ன நியாயம்? காப்பீட்டை முன்பணத்தோடு சேர்த்துக் கையிலிருந்து கட்டிவிடுங்கள். ஷோரூமில் கொடுக்கும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியிலும் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுப் பாருங்கள். நான்காம் ஆண்டில் மூன்றாம் நபர் பிரீமியமும் சேர்ந்து பில் உயரும் என்பதையும் இப்போதே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

சில நேரம் கேள்வி தவணையைப் பற்றியதாகவே இருக்காது. பிரீமியமே தேவைக்கு மேல் இருக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதான, சந்தையில் பெரிய மதிப்பில்லாத காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே போதுமா என்று யோசிக்கலாம். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையிலான காருக்கு அது 3,416 ரூபாய்; ஜி.எஸ்.டி. சேர்த்து 4,031. அந்தத் தொகைக்குத் தவணை தேவைப்படாது. வேலைக்கு மெட்ரோவில் போய், மாதத்துக்கு இரண்டு முறை மாமல்லபுரம் பக்கம் மட்டும் வண்டியை எடுக்கிறவர்கள், ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் பாலிசியைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு 2022-லேயே காப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் பிரீமியத்தைக் குறைப்பதற்காக ஐ.டி.வி.யை, அதாவது கார் முழுச் சேதமானாலோ திருடுபோனாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகையை, இறக்காதீர்கள். வெள்ளம் வந்து போகிற தெருவில் குடியிருப்பவர்கள் எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆனையும் (கூடுதல் கட்டணத்தில் சேர்க்கும் பாதுகாப்பு) விட்டுவிட வேண்டாம்.

என் வீட்டில் இப்போது நடப்பது மூன்றாவது வழி. பாலிசி புதுப்பித்த மறுவாரமே வங்கியில் மாதம் 2,000 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. (தொடர் வைப்பு) தொடங்கிவிடுகிறேன். மாதாமாதம் கட்டும் வசதி அப்படியே இருக்கிறது. வட்டி மட்டும் திசை மாறி என் பக்கம் வருகிறது. 6.5 சதவீதம் என்றால் ஓராண்டில் 800 ரூபாய்க்குச் சற்று மேல், முன்பு நான் கட்டிய 2,590 ரூபாயும் மிச்சம். ஜூனில் பள்ளிக் கட்டணமும் ஐப்பசியில் தீபாவளிச் செலவும் வந்தாலும் இந்தக் கணக்கில் நான் கை வைப்பதில்லை. ஆர்.டி. முதிரும் தேதி, பாலிசி முடியும் தேதிக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக இருக்கும்படி முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே புதுப்பித்தாலும் புதிய பாலிசி பழையது முடிகிற நேரத்திலிருந்துதான் தொடங்கும் என்பதால் ஒரு நாள்கூட வீணாகாது.