வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தையை ஏற்பது எப்படி?

பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தையை வேறொரு குடும்பம் தற்காலிகமாக வளர்ப்பதே வளர்ப்புப் பராமரிப்பு. நீலகிரி மாவட்டத்தில் இருப்பவர்கள் உதகையிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்தால் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44ஆம் பிரிவின்படி குழந்தையை ஒப்படைக்கும் ஆணையைக் குழந்தைகள் நலக் குழுவே பிறப்பிக்கும். இது தத்தெடுப்பு அன்று. பெற்றோரின் நிலைமை சீரானால் குழந்தை திரும்பிச் செல்லக்கூடும். 2024ஆம் ஆண்டின் வழிகாட்டுநெறிகள் 35 வயது நிரம்பிய, திருமணமாகாதவர்களையும் அனுமதிக்கின்றன, நியாயமான மாற்றம்தான்.

காகித வேலையைவிட முதல் வாரமே கடினம். கூடலூர்ப் பக்கத்துக் குழந்தைக்கு உதகைக் குளிர் புதிது என்பதால் கம்பளியும் காதை மூடும் குல்லாயும் தயாராக இருக்கட்டும்; ஆனால் அது கொண்டுவந்த பழைய பையைத் துவைக்க அவசரப்படாதீர்கள், ஏனெனில் அதற்குத் தெரிந்த வீட்டின் வாசனை அதில்தான் இருக்கிறது. ‘அம்மா’ என்று அழைக்க வற்புறுத்தாதீர்கள். அத்தையோ பெரியம்மாவோ, வாயில் இயல்பாக வருவது போதும். பெற்றோரைப் பற்றி அது பேசும்போது பேச்சை மாற்றாமல் கேளுங்கள்.