ஏற்காட்டு அடுப்பில் கிரியோல் சிக்கன், சோறு, சௌசௌ

இந்தச் சிக்கனில் இஞ்சி கிடையாது. மல்லித்தூள், மஞ்சள்தூள், பட்டை, கிராம்பு, தேங்காய், கறிவேப்பிலை எதுவுமே கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செய்துகொண்டிருக்கும்போது பாதியில் கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போகும், ஒரு ஸ்பூன் கரம் மசாலா போட்டால்தான் என்ன என்று தோன்றும், போட்டால் நம் வீட்டுச் சிக்கன் குழம்பாகிவிடும். அதுவும் அருமையான குழம்புதான், ஆனால் இன்றைக்குச் செய்யப்போவது வேறு. வெங்காயமும் குடைமிளகாயும் செலரியும் அவசரப்படாமல் வதங்கி இனிப்பு இறங்குவதில்தான் இதன் ருசி மொத்தமும் இருக்கிறது.

என் தம்பி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவன். ஊருக்கு வந்து ஒரு மாதம் ரசமும் கருவாட்டுக் குழம்புமாகச் சாப்பிட்டு ஆசை தீர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அக்கா, அந்த ஊர்ச் சிக்கன் ஒண்ணு செய்யலாமா?" என்றான். அன்றைக்கு ஆரம்பித்தது, இப்போது மாதம் ஒரு முறையாவது செய்துவிடுகிறேன்.

கிரியோல் என்று சொல்லும் அந்த ஊர்ச் சமையலைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் செய்முறை தானாகப் பிடிபடும். லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தார்கள், அப்புறம் பல வருடங்கள் ஸ்பெயின் கையில் இருந்தது, 1803-ல் லூசியானா முழுவதையும் அமெரிக்கா விலைக்கு வாங்கியது. அந்தக் காலத்துப் பெரிய வீடுகளின் அடுப்படியில் நின்று வெந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். கொழுப்பில் மாவை வறுத்துக் குழம்பு கெட்டியாக்குவது பிரெஞ்சு வழி, வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, அவர்களுடைய புகழ்பெற்ற 'கம்போ' குழம்பின் பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு இருந்த பெயர்தான். வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் சேர்த்து 'ஹோலி டிரினிட்டி' என்பார்கள். சர்ச்சில் திரித்துவம் என்று சொல்வோமே, அதே சொல்லைக் காய்க்கு வைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. நியூ ஆர்லியன்ஸில் கொல்லைப்புற வேலியில் படரவிடும் காய் ஒன்றை மெர்லிட்டன் என்று சொல்வார்கள், பாதியாக வெட்டிக் குடைந்து இறால் வைத்துச் சமைப்பார்கள் என்று தம்பி போனில் படம் காட்டினான். பார்த்தால் நம் சௌசௌ! எங்கள் வீட்டுப் பின்னால் கொய்யா மரத்தில் ஏறிக் கிடக்கிறது, கூட்டு வைத்து வைத்து அலுத்துப்போன காய். அதனால் தொட்டுக்கொள்ள வேறு காய் தேடவே இல்லை.

சரி, சாமான்கள். நான்கு பேருக்குச் சொல்கிறேன். கறிக்கடையில் லெக் பீஸ், தொடையாக ஒரு கிலோ, தோலோடு கேளுங்கள். பிரியாணி கட் வேண்டாம், தொடை தனி, கால் தனி என்று பெரிய துண்டாக இருக்கட்டும். நெஞ்சுக்கறி இவ்வளவு நேரம் வெந்தால் நார்நாராகிவிடும். பெரிய வெங்காயம் 2, பச்சைக் குடைமிளகாய் 2, செலரித் தண்டு 3, பூண்டு 8 பல், நன்றாகப் பழுத்த தக்காளி 4, மைதா 2 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 4 டேபிள்ஸ்பூன், வெங்காயத்தாள் ஒரு பிடி. காய்க்குச் சௌசௌ 2, பீன்ஸ் கால் கிலோ, பிஞ்சு வெண்டைக்காய் 10. எண்ணெய் வாசனை இல்லாததாக இருக்க வேண்டும், ரீஃபைண்ட் சூரியகாந்தி போதும். செக்குக் கடலை எண்ணெயில் ஒரு தடவை செய்து பார்த்தேன், எண்ணெய் வாசம்தான் முன்னால் நின்றது.

மசாலாப் பொடிக்கு: காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன் (அங்கே பாப்ரிகா போடுவார்கள், நிறத்துக்கும் மெல்லிய இனிப்புக்கும் இது சரியாக இருக்கிறது), வீட்டு மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள் அரை, பூண்டுப் பொடி ஒன்று, ஆரிகானோ ஒன்று, தைம் ஒன்று, உப்பு ஒன்றரை. மிளகை மட்டும் அப்போதே இடியுங்கள். இந்த மலையில் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறி விளையும் மிளகு நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பாக்கெட்டில் வாசம் போன தூளை எதற்கு வாங்க வேண்டும்?

தைம் கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். தைமுக்கு அந்த வாசத்தைக் கொடுக்கும் தைமால் என்ற சத்துதான் ஓமத்திலும் இருக்கிறது. ஆனால் ஓமம் முரட்டு வாசம், கால் டீஸ்பூனுக்கு மேல் போனால் ஓமத்தண்ணி ஞாபகம் வந்துவிடும். என் தேர்வு கற்பூரவல்லி, இரண்டே இலை, பொடியாக நறுக்கி. கரீபியன் தீவுகளிலும் இதே இலையைத் தைம் மாதிரி சமையலில் போடுகிறார்கள். பிரிஞ்சி இலை வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள்: நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடினால் அது பிரியாணிக்குப் போடும் இலை, பட்டை வாசம் அடிக்கும். நடுவில் ஒரே நரம்பு, அதிலிருந்து பக்கவாட்டில் கிளை பிரிந்தால் அதுதான் இதற்கு வேண்டியது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் கடையில் கேட்டு வாங்கி வந்து வைத்துக்கொள்கிறேன். செலரியும் கீழே இறங்கும்போது சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கட்டு வாங்கி, அலுமினியத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வாடாது. கிடைக்காத நாளில் குடைமிளகாயைக் கூட்டிக்கொள்ளுங்கள், கொத்தமல்லித் தண்டை மட்டும் அதற்குப் பதிலாகப் போடாதீர்கள், வாசம் வேறு திசைக்கு இழுத்துவிடும்.

பொடியில் ஒன்றரை டீஸ்பூன் காய்க்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கறியில் தடவி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அடி கனமான பாத்திரம் வேண்டும், எங்கள் வீட்டில் இரும்புச் சட்டி. எண்ணெய் காய்ந்ததும் தோல் பக்கம் கீழே இருக்கும்படி கறியை வைத்து, ஐந்தாறு நிமிடம் தொடாதீர்கள். கிளறிக்கொண்டே இருப்பது நம் பழக்கம், இங்கே கூடாது. சிவந்தால் தானே சட்டியை விட்டு வரும். திருப்பிப் போட்டு இன்னொரு பக்கமும் சிவக்கவிட்டு, தட்டில் எடுத்து வையுங்கள். அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கழுவிவிடாதீர்கள், குழம்பின் ருசி அதில்தான் இருக்கிறது. கருகியிருந்தால் மட்டும் துடைத்துவிட்டுப் புதிதாக எண்ணெய் விடுங்கள்.

அந்த எண்ணெயிலேயே தீயைக் குறைத்து மைதாவைப் போட்டுக் கிளற வேண்டும். இதற்கு 'ரூ' என்று பெயர். பக்கத்தில் போன் வேண்டாம், யாராவது கூப்பிட்டாலும் போக வேண்டாம். முதலில் பச்சை மாவு வாசம் வரும், மூன்று நான்கு நிமிடத்தில் வறுத்த வேர்க்கடலை மாதிரி மணக்கும், அப்புறம் நிறம் மெதுவாகக் கடலை மிட்டாய் பாகு நிறத்துக்கு வரும். எனக்குச் சுமார் பத்து நிமிடம் ஆகிறது. கறுப்புப் புள்ளி தெரிந்தால் கருகிவிட்டது என்று அர்த்தம், மனதைத் திடப்படுத்திக்கொண்டு கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள், கசப்பு எதைப் போட்டாலும் போகாது. கையில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும், குழந்தைகள் அடுப்புப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் வந்த உடனே பொடியாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் கொட்டுங்கள். 'சொய்ங்' என்று ஒரு சத்தம், ஆவி மேலே வரும், காய்களின் ஈரத்தில் மாவு மேலும் கருகாமல் நின்றுவிடும். இனிமேல்தான் பொறுமை. சிறு தீயில் பதினைந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடியாகும், அங்கே நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதீர்கள். குடைமிளகாயின் பச்சை மங்கி, மூன்றும் ஒன்றோடொன்று குழைந்து, கரண்டியால் தள்ளினால் சட்டி அடி தெரிந்து மெதுவாக மூடும்போது சரி. என் மாமியார் முதல் தடவை வந்து எட்டிப் பார்த்து, "ஏங் கண்ணு, இஞ்சி வதக்காம ஒரு கறியா?" என்றார். ஒரு ஸ்பூன் எடுத்துக் கொடுத்தேன், வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "சக்கரை போட்டியா?" என்று கேட்டார். போடவில்லை, வெங்காயம் அப்படி வதங்கியிருந்தது.

அப்புறம் நசுக்கிய பூண்டு ஒரு நிமிடம், நறுக்கிய தக்காளி, இரண்டு பிரிஞ்சி இலை, கற்பூரவல்லி போடுவதாக இருந்தால் அதுவும். தக்காளி கரைந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர் ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிட்டு, கறியையும் தட்டில் இறங்கிய சாறையும் சேர்த்து மூடி, சிறு தீயில் வேகவிடுங்கள். சேலத்தில் 35 நிமிடத்தில் வெந்துவிடும். ஏற்காட்டில் 45 ஆகிறது, ஏனென்றால் இங்கே சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. எலும்பை ஒட்டிக் கத்தியால் குத்தினால் ரத்தம் இல்லாமல் தெளிந்த சாறு வர வேண்டும், அதுவரை இறக்காதீர்கள்.

இதே காரணத்தால் மலையில் சோற்றைக் குக்கரில் வைப்பதுதான் நல்லது. பாசுமதியும் சீரகச் சம்பாவும் தன் வாசத்தோடு வந்து குழம்போடு போட்டி போடும், வேண்டாம். பொன்னிப் புழுங்கல் போதும். லூசியானாவிலும் ஜம்பலயா என்ற ஒரே சட்டிச் சோற்றுக்குக் குழையாது என்பதற்காகப் புழுங்கல் அரிசி பயன்படுத்துகிறவர்கள் நிறைய. கொஞ்சம் உதிரியாக எடுங்கள், சாறை இழுத்துக்கொள்ளும்.

காய் சுலபம். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து, பெரிதாக வெட்டி, கொஞ்சம் எண்ணெயில் தனியாக வழவழப்பு போகும்வரை வறுத்து, குழம்பு இறக்கப் பத்து நிமிடம் முன்னால் சேருங்கள். சௌசௌவையும் பீன்ஸையும் விரல் நீளத்துக்கு வெட்டி, சௌசௌவின் பால் கையில் பிசுபிசுக்கும் என்பதால் தண்ணீருக்குள் வைத்துத் தோல் சீவி, பாதி வேக்காடு வேகவைத்து வடித்து, கொஞ்சம் வெண்ணெயில் எடுத்து வைத்த பொடியோடு புரட்டுங்கள். கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும்.

கடைசியில் வெங்காயத்தாள் தூவி, ஒரு டீஸ்பூன் வினிகர் விட்டு, உப்பு பார்த்து இறக்குங்கள். தட்டின் நடுவில் சோறு, சுற்றிலும் குழம்பு, மேலே ஒரு தொடை, ஓரத்தில் சௌசௌ. மீந்தால் குழம்பை ஆறவைத்து அன்றைக்கே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மாவு சேர்ந்திருப்பதால் காலையில் இறுகிக் கிடக்கும், அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கொதிக்கவைத்தால் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். தம்பி அதற்காகவே இரண்டு துண்டு ஒதுக்கி வைக்கச் சொல்கிறான்.