ஐரோப்பாவில் பல நாடுகளைக் காரில் சுற்ற: முதலில் எல்லைகளை எண்ணுங்கள்

ஐரோப்பியக் கார்ப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் வரைபடத்தைத் திறந்து, ஆசைப்பட்ட ஊர்களையெல்லாம் கோடு போட்டு இணைப்பார்கள். அதற்கு முன் அந்தக் கோடு எத்தனை எல்லைகளைக் கடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எல்லை தாண்டினால் சாலைச் சுங்க முறை, வேக வரம்பு, காரில் இருக்கவேண்டிய பொருட்கள் எல்லாமே மாறும். ஒரு வாரத்துக்கு அதிகபட்சம் நான்கு நாடுகள் போதும்.

வாடகைக் காரை எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுக்கும்படி பாதையை வட்டமாக அமையுங்கள். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால், ஒருவழிக் கட்டணம் சில சமயம் வாடகையையே மிஞ்சிவிடும். நல்ல வட்டம் ஒன்று: மியூனிக் (ஜெர்மனி), சால்ஸ்பர்க் (ஆஸ்திரியா), பிளெட் (ஸ்லோவேனியா), வெனிஸ், போல்சானோ (இரண்டும் இத்தாலி), இன்ஸ்புரூக் (ஆஸ்திரியா), மீண்டும் மியூனிக். ஏறத்தாழ 1,200 கி.மீ., ஏழு நாள். எந்த நாளிலும் 300 கி.மீ.க்கு மேல் ஓட்டவேண்டியதில்லை. மலைப்பாதையில் வழிகாட்டிச் செயலி மூன்று மணி நேரம் என்றால் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விசா தேவைப்படுபவர்கள், அதிக இரவு தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம அளவு என்றால் முதலில் நுழையும் நாட்டில். பாதை ஷெங்கனுக்கு வெளியே போய்த் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். குரோவேஷியக் கடற்கரையில் டுப்ரோவ்னிக் போகும் பழைய சாலை, நெயூம் என்ற ஊரில் சில கி.மீ. போஸ்னியாவுக்குள் செல்கிறது. ஒரே முறை நுழையும் விசாவில் அங்கே வெளியேறினால் திரும்ப நுழைய முடியாது. 2022-இல் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போனால் அந்தச் சிக்கல் இல்லை. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை உரிமம் தந்த நாட்டிலேயே கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். அசல் உரிமமும் கூடவே இருக்கவேண்டும்.

வாடகைக் கார் பதியும்போது போகப்போகும் நாடுகளை எல்லாம் சொல்லி, ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். அனுமதியில்லாத நாட்டில் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். முன்பணத்துக்கு முதன்மை ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டை நம்பிப் போய் கவுன்டரில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. கியர் மாற்றத் தெரியாதவர்கள் ஆட்டோமேட்டிக் என்று குறிப்பிட்டே பதியவேண்டும்.

இனி சுங்கம். குழப்பம் அதிகம் இங்கேதான். ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் இல்லை. ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, செக், ஹங்கேரி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் நெடுஞ்சாலையில் ஏறும் முன்பே விக்னெட் (குறிப்பிட்ட காலத்துக்கான சுங்க அனுமதி) வாங்கியிருக்கவேண்டும். ஆஸ்திரியாவில் 1 நாள், 10 நாள் விக்னெட்டுகள் உண்டு; ஸ்லோவேனியாவில் ஒரு வாரத்துக்கு. சுவிட்சர்லாந்தில் ஆண்டு விக்னெட் மட்டும்தான், 40 ஃபிராங்க். ஒரு மணி நேரம் கடந்துபோனாலும் அதே விலை. மேலே சொன்ன வட்டத்தில் ஆஸ்திரியாவுக்குள் இருமுறை வருகிறோம், ஒரு 10 நாள் விக்னெட் இரண்டுக்கும் போதும்.

மின் விக்னெட் நம்பர் பிளேட்டோடு இணைந்தது. வாடகைக் காரின் எண் சாவி கைக்கு வந்த பிறகே தெரியும் என்பதால், அங்கேயே நின்று கைப்பேசியில் வாங்குங்கள். எண்ணைத் தவறாக அடித்தாலோ, பதிவு நாட்டைத் தவறாகத் தேர்ந்தாலோ விக்னெட் இல்லாத கணக்குதான். தேடலில் முதலில் வரும் தளங்கள் பல, கூடுதல் கட்டணம் வைக்கும் இடைத்தரகர்கள். ஆஸ்திரியாவுக்கு அஸ்ஃபினாக், ஸ்லோவேனியாவுக்கு டார்ஸ் தளத்திலேயே வாங்குங்கள். விக்னெட் இருந்தாலும் டாவர்ன், கராவாங்கன் சுரங்கங்களுக்கும் பிரென்னர் நெடுஞ்சாலைக்கும் தனிக் கட்டணம் உண்டு.

இத்தாலியில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது பணம் கட்டும் முறை. மஞ்சளில் டெலிபாஸ் (காரில் பொருத்திய கருவி மூலம் தானாகச் சுங்கம் கட்டும் முறை) என்று மட்டும் எழுதிய வரிசைக்குள் போகாதீர்கள். தவறிப் போய்விட்டால் பின்னால் எடுக்கவே கூடாது. உதவிப் பொத்தானை அழுத்துங்கள். சீட்டைத் தொலைத்தால் வெகுதூரத்து நுழைவாயிலிலிருந்து வந்ததாகக் கணக்குப் போட்டுவிடுவார்கள். பிரான்சில் பாரிஸ்–நார்மண்டி நெடுஞ்சாலையில் சாவடியே கிடையாது. 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நீங்களே கட்டவேண்டும்.

இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிக்குள் அனுமதியின்றிக் கார் நுழையக்கூடாது. சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகைதான் அடையாளம். கேமரா படம் பிடிக்கும்; அபராதம் பல மாதம் கழித்து வரும், அதன்மேல் வாடகை நிறுவனமும் ஒரு கட்டணம் போடும். ஃப்ளாரன்ஸ், பீசா, பொலோன்யாவில் சிக்காதவர் குறைவு. வெனிஸுக்கு, அருகிலுள்ள மெஸ்த்ரேயில் காரை நிறுத்திவிட்டு ரயிலில் போவதே எளிது.

எரிபொருள் நெடுஞ்சாலைக்குள் விலை அதிகம்; வெளியேறிச் சில கி.மீ. போனாலே குறையும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோலுக்கு வட்ட அடையாளம், டீசலுக்குச் சதுர அடையாளம். மூடியில் உள்ளதும் பம்பில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பிரெஞ்சில் 'கஸோல்' என்றிருப்பது டீசல். இத்தாலியில் ஊழியர் நிரப்பித் தரும் பம்பில் லிட்டருக்கு விலை கூடுதல்.

வேகம்: ஆஸ்திரியா, இத்தாலி, பிரான்ஸ், ஸ்லோவேனியா நெடுஞ்சாலைகளில் 130; சுவிட்சர்லாந்தில் 120. மழை பெய்தால் இத்தாலியிலும் பிரான்சிலும் 110தான். ஒளிரும் மேலங்கியை டிக்கியில் போடாமல் இருக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள், காரைவிட்டு இறங்கும் முன்பே அணியவேண்டும். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனி இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம்.

ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் ஆல்ப்ஸ் மலைச் சுரங்கங்களின் முன் மணிக்கணக்கில் நிற்கவேண்டி வரும். மலை கடப்பதை வார நாளுக்கு மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை கனரக லாரிகளுக்குத் தடை என்பதால் சாலையில் நெரிசல் குறைவாக இருக்கும், நீண்ட ஓட்டத்துக்கு ஏற்றது. ஆனால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அன்று கடைகள் மூடியிருக்கும். தண்ணீரும் சாப்பாட்டுப் பொருளும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் டேங்க் நிரப்பிய ரசீது, நாலு பக்கமும் எடுத்த படங்கள், கிலோமீட்டர் மீட்டர் படம் மூன்றையும் வைத்திருங்கள். சுங்க ரசீதுகளை மட்டும் ஒரு வருடம் தூக்கிப் போடாதீர்கள்.