தலையீற்றுக் கிடேரிக்குக் காளை தேர்ந்தெடுப்பது எப்படி? படிப்படியாக

இறைச்சி மாட்டுப் பண்ணையில் தலையீற்றுக் கிடேரிகளுக்குக் கன்று சிக்கிக்கொள்வதற்கு முதல் காரணம் ஒன்றுதான்: கன்று பெரிது, இடுப்பு வழி சிறிது. பிறப்பெடையில் பெருமளவு பரம்பரை வழி வருவதால், காளையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே ஈற்று நாளின் சிக்கலைக் கணிசமாகக் குறைத்துவிடலாம். அதைச் செய்வது எப்படி என்பதற்கான பதிவு இது. பருவம் பார்ப்பது, சினை பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. காளைக்கு முன்னால் கிடேரியைப் பாருங்கள்

14–15 மாதத்தில் காளைக்குச் சேர்த்தால் 24 மாதத்தில் ஈனும். சேர்க்கும்போது அந்த மந்தையின் வளர்ந்த பசுவின் எடையில் 60–65 சதவீதமாவது இருக்க வேண்டும். வளர்ந்த பசு 550 கிலோ என்றால் கிடேரி 330 முதல் 360 கிலோ. ஈனும்போது 85 சதவீதம், அதாவது ஏறக்குறைய 470 கிலோ. இந்த எடைக்கு வராத கிடேரிக்கு எந்தக் காளையும் பாதுகாப்பான காளை இல்லை.

ஒரு வயதில் கால்நடை மருத்துவரைக் கொண்டு இடுப்பளவு எடுக்கலாம். ஆசனவாய் வழியாக அளவுகோலைச் செலுத்தி, இடுப்பு வளையத்தின் உயரத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் எடுத்துப் பெருக்குவார்கள். உயரம் 14, அகலம் 11 என்றால் 154 சதுர செ.மீ. அதை 2.1-ஆல் வகுத்தால் 73 பவுண்டு, அதாவது 33 கிலோ: இரண்டு வயதில் அந்தக் கிடேரி பெரிய சிரமமில்லாமல் ஈனக்கூடிய கன்றின் எடை. 2.1 என்ற எண் 12–14 மாதக் கிடேரிகளுக்கு மட்டுமே. வயதும் எடையும் கூடினால் வகுக்கும் எண்ணும் மாறும்.

இந்த அளவீட்டை நம்பி இரண்டு நல்ல கிடேரிகளில் எது சுலபமாக ஈனும் என்று சொல்ல முடியாது. மிகச் சிறிய இடுப்போ கோணலான இடுப்போ உள்ளவற்றைக் கழிப்பதற்குத்தான் இது உதவும். பெரிய இடுப்புள்ள கிடேரிகளாகப் பொறுக்கினால் பெரும்பாலும் உடல் பெரிய கிடேரிகளையே பொறுக்கியிருப்பீர்கள். அவை போடும் கன்றும் பெரிதாகவே இருக்கும்.

2. இனம்

ஆங்கஸ், வாக்யூ, லாங்ஹார்ன் பொதுவாக எடை குறைந்த கன்று தரும். ஷரோலே, சிமென்டால் ஓரளவு கனம். பெல்ஜியன் ப்ளூ போல இரட்டைச் சதை (அளவுக்கு மீறிப் பெருத்த தசை) உள்ள இனங்களைத் தலையீற்றுக்கு நினைத்தே பார்க்காதீர்கள். ஆனால் ஒரே இனத்துக்குள் காளைக்குக் காளை இருக்கும் வித்தியாசம் மிக அதிகம். ‘ஆங்கஸ்தானே, பயமில்லை’ என்று வாங்கிய காளையின் கன்றுகளைக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. ஜெர்சி காளையைச் சேர்த்தால் ஈற்று சுலபம், ஆனால் கன்று இறைச்சிக்கு வளராது. அது கடைசி வழி.

திமிலுள்ள மாட்டினமான பிராமன் காளையை ஐரோப்பிய இனக் கிடேரிக்குச் சேர்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். கன்று, அதிலும் காளைக்கன்று, எதிர்பார்த்ததைவிடக் கனமாகப் பிறக்கும். மாற்றிச் சேர்த்தால், அதாவது பிராமன் கிடேரிக்கு ஆங்கஸ் காளையைச் சேர்த்தால், இந்தச் சிக்கல் வராது. பிராமன் தாய் வயிற்றுக்குள்ளேயே கன்றின் வளர்ச்சியை அடக்கி வைக்கும்.

3. எண்களைப் படிப்பது (பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம்)

அமெரிக்கப் பட்டியல்களில் இ.பி.டி. (EPD) என்றும், ஆஸ்திரேலியப் பட்டியல்களில் இ.பி.வி. (EBV) என்றும் மரபு மதிப்புகளை, அதாவது காளையின் மரபைப் பற்றிய கணிப்புகளை, கொடுத்திருப்பார்கள். காளையின் மரபில் பாதிதான் கன்றுக்குப் போகும். அந்தப் பாதியைக் காட்டுவது இ.பி.டி., முழுவதையும் காட்டுவது இ.பி.வி. முன்னதில் பிறப்பெடை பவுண்டில் இருக்கும், பின்னதில் கிலோவில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

கிடேரிக்கு நீங்கள் பார்க்க வேண்டிய எண் சி.இ.டி. (CED), அதாவது நேரடி ஈற்று எளிமை. இந்தக் காளையின் கன்றுகள் எவ்வளவு சுலபமாகப் பிறக்கும் என்பதை அது சொல்கிறது. ஒரு காளைக்கு +10, இன்னொன்றுக்கு +4 என்றால், 100 தலையீற்றுக் கிடேரிகளில் முதல் காளையின் கன்றுகளில் 6 கூடுதலாக உதவியின்றிப் பிறக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இந்த எண்களில் நான்கு பொறிகள் இருக்கின்றன.

குறி எதிரெதிராக இருக்கும். சி.இ.டி. கூடினால் நல்லது, பிறப்பெடை மதிப்பு குறைந்தால் நல்லது. பிறப்பெடையில் −2 பார்த்து மகிழ்ந்த கண்ணோடு சி.இ.டி.-யில் −2 பார்த்தும் தலையாட்டிவிடக் கூடாது.

பூஜ்யம் என்பது இனத்தின் இன்றைய சராசரி அல்ல. ஒவ்வொரு மாட்டினச் சங்கமும் எங்கோ ஓர் அடிப்படைப் புள்ளியை வைத்து அங்கிருந்து எண்ணுகிறது. +5 என்ற எண் ஓர் இனத்தில் சராசரிக்குக் கீழே இருக்கலாம், இன்னோர் இனத்தில் உச்சத்தில் இருக்கலாம். ஆகவே எண்ணைப் பார்த்த கையோடு அந்தச் சங்கம் வெளியிடும் பர்சன்டைல் அட்டவணையைத் திறந்து, காளை எத்தனையாவது சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தலையீற்றுக்கு என் அளவுகோல்: சி.இ.டி.-யில் மேல் 25 சதவீதத்துக்குள். வேற்றினக் காளைகளின் பிறப்பெடை மதிப்புகளை ஒப்பிட வேண்டுமானால் நெப்ராஸ்காவில் உள்ள அமெரிக்க அரசின் இறைச்சி விலங்கு ஆய்வு மையம் வெளியிடும் இனங்களுக்கிடையேயான திருத்தக் காரணிகளைக் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள்.

சி.இ.டி. கணக்குக்குள் பிறப்பெடை ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. சி.இ.டி. நன்றாக உள்ள காளையை, பிறப்பெடை மதிப்பு கொஞ்சம் கூட என்று ஒதுக்கினால் ஒரே குறையை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். சி.இ.டி. இருக்கும் இடத்தில் அதை மட்டும் பாருங்கள். இல்லாத இடத்தில் மட்டும் பிறப்பெடை மதிப்புக்குப் போங்கள்.

கடைசிப் பொறி, பட்டியலில் பக்கத்திலேயே இருக்கும் சி.இ.எம். (CEM). அது இந்தக் காளையின் மகள்கள் பிற்காலத்தில் எவ்வளவு சுலபமாக ஈனுவார்கள் என்பதற்கான எண். அடுத்த ஆண்டு உங்கள் கிடேரி ஈனுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பெண் கன்றுகளை மந்தையில் வைத்துக்கொள்பவர் அதையும் பார்த்தாக வேண்டும். நேரடி எளிமையை மட்டுமே தலைமுறை தலைமுறையாகத் துரத்தினால் சிறுத்த உடலும் குறுகிய இடுப்பும் கொண்ட கிடேரிகளில் போய் நிற்கும் ஆபத்து உண்டு.

4. துல்லியம்

அமெரிக்கப் பட்டியல்களில் எண்ணுக்குக் கீழே 0 முதல் 1 வரை துல்லிய மதிப்பு, அதாவது அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற அளவு, இருக்கும். கன்று எதுவும் பிறக்காத ஒரு வயதுக் காளைக்கு அது குறைவு. நூற்றுக்கணக்கில் கன்று பதிவான சினை ஊசிக் காளைக்கு 0.9-ஐத் தாண்டும். குறைந்த துல்லியம் என்றால் கெட்ட காளை என்று பொருளில்லை. அந்த எண் மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம், அவ்வளவுதான். ஆனால் கீழே வந்தால் விலை கொடுப்பது கிடேரி. ஆகவே 0.3 துல்லியத்தில் +14 உள்ள இளங்காளையைவிட 0.9 துல்லியத்தில் +10 உள்ள காளையே தலையீற்றுக்கு என் தேர்வு. இளங்காளைதான் வாங்க வேண்டும் என்றால் மரபணுப் பரிசோதனை செய்த காளையை வாங்குங்கள், துல்லியம் ஓரளவு கூடும்.

5. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள்

‘தலை சிறுத்து, தோள் ஒடுங்கிய காளையாகப் பார்’ என்ற அறிவுரை எங்கும் உண்டு. கன்றின் எடையைக் கணக்கில் எடுத்த பிறகு தலை அளவும் தோள் அகலமும் சிக்கலைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

காளையின் சொந்தப் பிறப்பெடையும் இப்படித்தான் ஏமாற்றும். 30 கிலோவில் பிறந்த காளை, தலையீற்றுத் தாய்க்குப் பிறந்ததாக இருக்கலாம். கிடேரிகள் போடும் கன்று இயல்பிலேயே வளர்ந்த பசுவின் கன்றைவிட எடை குறைவு. இரட்டைக் கன்றில் ஒன்றாக இருக்கலாம். மறுபக்கம், கடுங்குளிர் காலத்தில் பிறக்கும் கன்றுகள் கனம் கூடி வரும். மரபு மதிப்பு இந்தக் காரணங்களையெல்லாம் கழித்துவிட்டுப் பேசுகிறது, தராசு பேசாது.

அதேபோல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று போகவும் வேண்டாம். பிறப்பெடையும் பின் வளர்ச்சியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே வரும். தேவைக்கு மேல் எடையைக் குறைத்தால் குளிர் தாங்காத நோஞ்சான் கன்றும், விற்கும்போது குறைந்த எடையும் மிஞ்சும். இந்த விதியை மீறி, குறைந்த பிறப்பெடையும் ஒரு வயதில் நல்ல எடையும் உள்ள காளைகளும் இருக்கின்றன. சி.இ.டி. வரம்புக்குள் வந்த காளைகளை ஒரு வயது எடை மதிப்பின்படி வரிசைப்படுத்தினால் அவை மேலே வந்து நிற்கும். பட்டியலில் சினைக்கால நாட்களும் கொடுத்திருந்தால், குறைவாக உள்ளதை எடுங்கள். கடைசி வாரத்தில் கன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ ஏறும்.

மரபு நோய்களுக்கான பரிசோதனை முடிவையும் கேளுங்கள். ஆங்கஸில் வளைந்த கன்று நோய், மூளையில் நீர் கோத்தல் போன்றவை ஒடுங்கு மரபணுவால், அதாவது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டும் நோயைக் காட்டும் மரபணுவால், வருபவை. அந்த மரபணுவைச் சுமக்காத காளையாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. கிடேரிகளின் தகப்பனையே திரும்ப அவற்றுக்குச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

6. காளை வேலைக்குத் தகுதியா?

சேர்ப்பதற்கு 30 முதல் 60 நாள் முன்னதாக இனவிருத்தித் தகுதிப் பரிசோதனை செய்துவிடுங்கள். விரைப்பைச் சுற்றளவு 15 மாதம் வரை குறைந்தது 30 செ.மீ., இரண்டு வயதைத் தாண்டினால் 34 செ.மீ. விந்தணுக்களில் 30 சதவீதமாவது முன்னோக்கி நீந்த வேண்டும், 70 சதவீதம் இயல்பான வடிவில் இருக்க வேண்டும். விந்தணு உருவாகவே 60 நாளுக்கு மேல் பிடிக்கும் என்பதால், இரண்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல்கூட இன்றைய முடிவைக் கெடுத்திருக்கலாம். தோற்ற காளையை உடனே விற்றுவிடாமல் 60 நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். இந்தப் பரிசோதனையில் காளைக்கு ஆர்வம் இருக்கிறதா என்று தெரியாது. அதைத் தொழுவத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

15 மாதக் காளைக்கு 15 கிடேரி, 18 மாதத்துக்கு 18 என்று மாதக் கணக்கையே எண்ணிக்கையாக வைத்துக்கொள்ளலாம். 900 கிலோ முதிர்ந்த காளையை 340 கிலோ கிடேரி மேல் ஏற விடாதீர்கள், முதுகும் இடுப்பும் போய்விடும். முதிர்ந்த காளையில் இன்னோர் அபாயம் டிரைக்கோமோனியாசிஸ் என்ற, சேர்க்கையில் பரவும் நோய்: குறியுறையின் மடிப்புகளில் கிருமி தங்கும், காளைக்கு எந்த அறிகுறியும் தெரியாது, கிடேரிகள் சினை பிடித்துப் பிடித்துக் கலையும். இதுவரை சேராத காளை, அல்லது சோதித்துத் தேறிய காளை. மூன்றாவது வழி இல்லை.

7. சினை ஊசி போட்டாலும் பின்காளை வேண்டும்

தலையீற்றுக்கு நான் முதலில் சொல்வது சினை ஊசிதான், உயர் துல்லியக் காளை கைக்கு எட்டுவது அதில் மட்டுமே. ஆனால் எத்தனையோ பண்ணைகளில் ஊசிக்கு அருமையான காளையைத் தேடிப் பிடித்துவிட்டு, பிடிக்காமல் போனவற்றுக்குப் பின்காளையாக மந்தையில் நிற்கும் ஏதோ ஒரு கனத்த காளையை அவிழ்த்து விடுகிறார்கள். பருவத்தை ஒருங்கிணைத்துப் போட்ட ஊசியில் பாதிக்குச் சற்று மேல் பிடித்தாலே நல்ல பலன். மீதிக் கிடேரிகள் அத்தனையும் அந்தக் கனத்த காளையின் கன்றைச் சுமக்கும். பின்காளைக்கும் அதே சி.இ.டி. அளவுகோல்தான். ஊசிக்குப் பின் 10–14 நாள் கழித்துப் பின்காளையை அவிழ்த்து விடுங்கள், எந்தக் கன்று யாருடையது என்பது ஈற்றுத் தேதியிலேயே தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: அடிக்கடி வந்த இரண்டு கேள்விகள்

*காளையைத் தவறாகச் சேர்த்துவிட்டோம், கடைசி மாதங்களில் தீனியைக் குறைக்கலாமா?* வேண்டாம். கன்றின் எடை கொஞ்சம் குறையும், சிக்கல் குறையாது. முக்கி ஈன வலுவில்லாத தாய், தரம் கெட்ட சீம்பால், தள்ளிப்போகும் அடுத்த பருவம் என்று வரிசையாக வரும். ஈனும்போது உடல் நிலை மதிப்பெண் (மெலிவு, கொழுப்பு பார்த்துப் போடுவது) 9-க்கு 6-ல் இருக்கட்டும். ஆள் பக்கத்தில் இருக்கட்டும். பனிக்குடம் வெளியே தெரிந்து ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

*மரபு மதிப்பே இல்லாத காளை என்றால்?* அதே பண்ணையில், அதே பருவத்தில், அதே வயதுத் தாய்களுக்குப் பிறந்த கன்றுகளின் சராசரி எடையைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். சராசரி 36 கிலோ உள்ள கூட்டத்தில் 32 கிலோவில் பிறந்த காளை என்றால் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ‘32 கிலோ’ என்று மட்டும் சொன்னால் பொருள் இல்லை. அதே தகப்பனுக்குக் கிடேரிகளில் பிறந்த கன்றுகளை இழுக்க வேண்டி வந்ததா என்பதையும் கேளுங்கள்.

ஈற்று தொடங்கியதும் ஒரு நோட்டு போடுங்கள். 24 மணி நேரத்துக்குள் கன்றைத் தராசில் நிறுத்து எடை, ஆணா பெண்ணா, தகப்பன், ஈற்று மதிப்பெண்: தானாக ஈன்றது 1, லேசாக இழுத்தது 2, கடுமையாக இழுத்தது 3, அறுவை 4, கன்று திரும்பிக் கிடந்தது 5. ஐந்தைக் காளையின் கணக்கில் எழுதாதீர்கள். பின்னங்கால் முன்னால் வந்ததற்கும் தகப்பனின் சி.இ.டி.-க்கும் தொடர்பில்லை.