சுவரை மூடுமுன் ஷவரை முடிவு செய்யுங்கள்

ஷவரின் பளபளப்பில் மயங்குமுன் தண்ணீரின் அழுத்தத்தைக் கணக்கிடுங்கள். தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது சுமார் 0.1 பார் அழுத்தம்தான். அகலமான மழை ஷவர் அதில் அழுது வடியும். பம்ப் தேவையா என்பதை இப்போதே தீர்மானியுங்கள்.

நான் கறார் காட்டுவது, தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வான டைவர்ட்டரில். சுவருக்குள் புதையும் பாகமும் வெளியே தெரியும் கைப்பிடியும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலுக்கு உரியவையா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் புதையும் பாகத்தின் பிளாஸ்டிக் மூடியில் குறைந்தபட்ச, அதிகபட்ச ஆழக் கோடுகள் இருக்கும். பூச்சு, பசை, டைல் மூன்றின் கனத்தையும் கூட்டி, முடிந்த சுவர் அந்தக் கோடுகளுக்கு இடையே வருமாறு பொருத்தச் சொல்லுங்கள். 'கண்ணளவே போதும்' என்பார்கள், போதாது.

வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. குழாய் டைவர்ட்டரோடு சேருமிடத்தில் பித்தளை மரை உள்ள இணைப்பையே கேளுங்கள். டைல் ஒட்டுமுன், கசிவைக் கண்டுபிடிக்கும் அழுத்தச் சோதனை கட்டாயம்.